விடுபட்ட படி

வீழ்ந்தவர் மீண்டெழுந்த கதைகளுக்கு எக்காலத்திலும் கேட்பவர் உண்டு. இத்தாலியக் கால்பந்தைப் பற்றிப் பேசுகையில் அப்படி ஒரு கதையாகச் சொல்லப்படுவது 2002-03ஆம் ஆண்டுப் பருவம். ஃபுளோரன்ஸ் நகரின் புகழ்பெற்ற அணி திவாலாகி, தன் பெயரையும் இழந்து, நான்காம் அடுக்கில் சிற்றூர் அணிகளோடு ஆடி, இரண்டே ஆண்டுகளில் உச்ச அடுக்குக்குத் திரும்பிய கதை அது. கேட்கக் கேட்க இனிக்கும் கதைதான். ஆனால் அதன் நடுவே ஒரு படி விடுபட்டிருக்கிறது. அந்தப் படியைப் பற்றிப் பேசாமல் கதையை மட்டும் கொண்டாடுவது நியாயமன்று என்பதே என் எண்ணம்.

கால்பந்தில் அதிக ஈடுபாடு இல்லாத நண்பர்களுக்காக இத்தாலிய அடுக்குமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைய அமைப்பில் உச்சியில் சீரீ ஆ, அதன் கீழே சீரீ பி, அதற்கும் கீழே சீரீ சி1, சீரீ சி2 என்று நான்கு அடுக்குகள் இருந்தன. அவற்றுக்கும் கீழே அமெச்சூர் அணிகளின் உலகம். சீரீ சி2வில் மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 18 அணிகள். ஒரு பிரிவில் முதலிடம் பெறும் அணி அடுத்த பருவத்தில் ஒரு படி ஏறும். கடைசியில் நிற்பவை இறங்கும். நம் பரமபதப் படத்திலும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஆனால் அங்கே தாயக்கட்டை முடிவுசெய்வதை இங்கே 34 ஆட்டங்கள் முடிவுசெய்கின்றன. எந்தக் குக்கிராமத்து அணியும் வென்றுகொண்டே இருந்தால் ஒருநாள் மிலான் நகரில் போய் ஆடலாம். எவ்வளவு பெரிய அணியும் தோற்றால் கீழே வந்தாக வேண்டும். இந்த ஒரு விதியின் மீதுதான் ஐரோப்பியக் கால்பந்தின் அறமே நிற்கிறது எனலாம்.

1926இல் தொடங்கப்பட்ட ஃபியோரென்டினா, ஊதா நிறச் சட்டைக்குப் பெயர்போனது. 1956லும் 1969லும் இத்தாலியச் சாம்பியன். தொண்ணூறுகளில் அதன் உரிமையாளராக இருந்தவர் விட்டோரியோ செக்கி கோரி. பாப்லோ நெரூதாவும் ஒரு தபால்காரரும் பாத்திரங்களாக வரும் ‘இல் போஸ்தினோ’ (1994) திரைப்படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் என்றால் இலக்கிய அன்பர்களுக்கு எளிதில் விளங்கும். அவருடைய தொழில்கள் சரியச் சரிய அணியின் கடனும் பெருகியது. 2000இல் பாட்டிஸ்டூட்டா ரோமாவுக்கு விற்கப்பட்டார். 2001இல் ரூயி கோஸ்டா மிலானுக்கும், கோல்காப்பாளர் டோல்டோ இன்டருக்கும் போனார்கள். அதே 2001இல் இத்தாலியக் கோப்பையை வென்ற அணி, அடுத்த ஆண்டே சீரீ ஆவிலிருந்து இறங்கியது. சீரீ பியில் பதிவுசெய்துகொள்ளத் தேவையான நிதி உத்தரவாதத்தைக்கூட அதனால் தர இயலவில்லை. 2002 கோடையில் அந்த நிறுவனம் கால்பந்திலிருந்து மறைந்தது.

மறைந்தது நிறுவனம்தான், அணி மறையவில்லை என்று நகரம் சொன்னது. அன்றைய மேயர் லியோனார்தோ தொமெனிச்சியின் முயற்சியால் ஒரு புதிய சங்கம் உருவானது. காலணித் தொழிலதிபர் தியேகோ தெல்லா வாலே அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் பழைய பெயரும் சின்னமும் திவாலான நிறுவனத்தின் சொத்துகள்; அவற்றைப் பயன்படுத்த உரிமை இல்லை. ஆகவே ‘ஃப்ளொரென்சியா வியோலா’ என்ற பெயரில், சீரீ சி2வில் அணி இறக்கப்பட்டது.

அது ஆடவேண்டியிருந்த ஊர்களின் பட்டியலைக் கலை வரலாறு போலவும் வாசிக்கலாம். ஃபெலினி பிறந்த ரிமினி. புனித பிரான்சிஸ் ஓநாயைச் சாந்தப்படுத்தியதாகக் கதை வழங்கும் குப்பியோ. ஓவியர் மசாச்சோ பிறந்த சான் ஜியோவன்னி வால்தார்னோ. ஆனால் கால்பந்து வரைபடத்தில் இவை சின்னஞ்சிறு புள்ளிகள். பியர் லூயிஜி நெர்வி கான்கிரீட்டில் எழுப்பிய, ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய ஃபுளோரன்ஸ் அரங்கில் இப்போது இந்த ஊர்களின் அணிகள் வந்து ஆடின. அரங்கு காலியாகவில்லை. நான்காம் அடுக்கில் அதுவரை கேள்விப்படாத அளவுக்குப் பல்லாயிரம் பேர் பருவச்சீட்டு வாங்கினார்கள்.

அந்த அணியில் இருவரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஒருவர் ஆஞ்சலோ தி லிவியோ. 1996இல் யுவென்டஸோடு ஐரோப்பியச் சாம்பியன் ஆனவர். 2002 ஜூன் மாதம் உலகக் கோப்பையில் தென் கொரியாவிடம் இத்தாலி தோற்ற ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கியவர். சில வாரங்கள் கழித்து, தம் 36ஆம் வயதில், மற்றவர்களெல்லாம் விலகிய பிறகும் அவர் ஒருவரே நான்காம் அடுக்கில் ஆடச் சம்மதித்துத் தங்கினார். ‘சிப்பாய்’ என்பது அவருக்கு முன்பே வாய்த்திருந்த செல்லப்பெயர். அதற்கு அப்போதுதான் முழுப்பொருள் கிடைத்தது. இன்னொருவர் கிறிஸ்டியன் ரிகானோ. சிசிலிக்கு வடக்கே உள்ள லிப்பாரித் தீவுக்காரர். கொத்தனார் வேலை செய்துகொண்டே கீழ்நிலை அணிகளில் ஆடியவர். அந்தப் பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 30. பருவத்தின் தொடக்கத்தில் பயிற்சியாளராக இருந்த வியர்கோவோட் நீக்கப்பட்டு கவாசின் வந்தார். தடுமாற்றம் நீங்கி, அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது.

இந்தப் பருவம் நிறுவிய உண்மை ஒன்று உண்டு. பெயரும் சின்னமும் கோப்பைகளும் ஏலத்துக்குரிய பொருள்களாகப் பெட்டியில் கிடந்தபோது, அணி வேறோர் இடத்தில் உயிரோடு இருந்தது. பார்வையாளர் படிக்கட்டுகளிலும், ஊதா நிறத் துண்டுகளிலும், தி லிவியோவின் கால்களிலும் இருந்தது. உரிமையாளர்கள் வருவார்கள், போவார்கள். அவர்களுடைய கடனுக்காக ஒரு நகரத்தின் நினைவைத் தண்டிக்கக்கூடாது என்பதே அந்த ரசிகர்களின் வாதம். அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். 2003இல் தெல்லா வாலே பழைய பெயரை விலைகொடுத்து மீட்டார். கதை இந்த இடத்தில் நின்றிருந்தால் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் அந்தக் கோடையில் வேறொன்று நடந்தது. சீரீ பியிலிருந்து இறங்கிய கட்டானியா அணி, சியேனா தனக்கெதிரான ஆட்டத்தில் தடை முடியாத ஆட்டக்காரர் ஒருவரைப் பயன்படுத்தியது என்று வழக்குத் தொடுத்தது. சமநிலையில் முடிந்த அந்த ஆட்டத்தை வெற்றியாக மாற்றினால் கூடுதலாக 2 புள்ளிகள் கிடைக்கும், இறங்காமல் தப்பலாம். கால்பந்து நடுவர் மன்றங்கள் மாற்றி மாற்றித் தீர்ப்பளித்தன; விவகாரம் அரசு நீதிமன்றங்களுக்கும் போனது. கடைசியில் 2003 ஆகஸ்டில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கால்பந்துக் கூட்டமைப்பு யாரையும் இறக்குவதில்லை என்று முடிவுசெய்து, 20 அணிகள் கொண்ட சீரீ பியை 24 அணிகளாக விரித்தது. இறங்கவேண்டிய நான்கில் கட்டானியா, ஜெனோவா, சலெர்னித்தானா மூன்றும் தங்கின. நான்காவதான கொசென்சாவால் நிதி நிபந்தனைகளை நிறைவேற்ற முடியவில்லை, அது வெளியேற்றப்பட்டது. காலியான அந்த இடம் ‘விளையாட்டுத் தகுதி’ என்ற பெயரில் ஃபியோரென்டினாவுக்கு வழங்கப்பட்டது. சீரீ சி1 என்ற படியில் ஒரே ஒரு நாள்கூட ஆடாமல் அந்த அணி சீரீ பிக்குள் நுழைந்தது.

விடுபட்ட படி என்று நான் சொல்வது இதைத்தான்.

கொசென்சா தெற்கே கலாபிரியாவில் உள்ள நகரம். தத்துவவாதி தெலேசியோவின் ஊர். அதன் அணி வீழ்ந்ததும் திவாலால்தான். ரசிகர்கள் செய்த பிழையால் அன்று. அதாவது 2002 கோடையில் ஃபுளோரன்ஸ்காரர்கள் பட்ட துயரத்தைச் சரியாக ஓராண்டு கழித்து கொசென்சாக்காரர்கள் பட்டார்கள். அந்த இரண்டாவது துயரத்தின் இடிபாட்டின் மீதுதான் முதலாவது துயரத்துக்கு ஏணி சார்த்தப்பட்டது. ஃபியோரென்டினா 2004 ஜூனில் பெருஜாவை வென்று சீரீ ஆவுக்குத் திரும்பியது. கொசென்சா நகரம் சீரீ பியை மீண்டும் எட்டிப்பார்க்க 2018 வரை, 15 ஆண்டுகள், காத்திருந்தது.

இதற்குச் சொல்லப்படும் மறுமொழிகளை நான் அறிவேன். பெரிய நகரம், பெரிய அரங்கம், ஏராளமான ரசிகர்கள்; இப்படிப்பட்ட அணி கீழே கிடப்பது யாருக்கும் நன்மை இல்லை என்பார்கள். வணிகக் கணக்கில் இது சரியாக இருக்கலாம். ஆனால் அதற்கு ‘விளையாட்டுத் தகுதி’ என்று பெயர் சூட்டுவதுதான் இடறுகிறது. அதே ஆண்டு ஜூனில் ஃபியோரென்டினாவின் அண்டை நகரான பீசாவின் அணி, சீரீ சி1இன் தகுதிச்சுற்று இறுதியில் அல்பினோலெஃபேயிடம் தோற்று, சீரீ பி வாய்ப்பைக் கைநழுவவிட்டது. களத்தில் வாசல்வரை வந்து நின்ற அணி வெளியே இருக்க, ஓர் அடுக்கு கீழே இருந்த அணி உள்ளே அழைக்கப்பட்டது. தகுதி என்பது இங்கே 34 ஆட்டங்களின் கணக்கா, ஐம்பதாண்டுப் பெருமையின் கணக்கா? பெருமைதான் கணக்கென்றால், குப்பியோவும் ரிமினியும் அந்தப் பருவம் முழுக்க எதற்காக ஓடின?

வேறு வழியில்லை என்றும் சிலர் சொல்வார்கள். வழி இருந்தது, அதைப் பின்வந்தவர்கள் காட்டினார்கள். 2004இல் திவாலான நேப்பிள்ஸ் அணி சீரீ சி1இல் இரண்டு பருவங்கள் ஆடி, 2006இல் ஒரு படி, 2007இல் இன்னொரு படி என்று ஏறியது. 2023இல் இத்தாலியச் சாம்பியனும் ஆனது. 2015இல் திவாலான பார்மா அமெச்சூர் அடுக்கான சீரீ டியில் தொடங்கி, மூன்று பருவங்களில் மூன்று படிகளையும் களத்திலேயே ஏறி 2018இல் சீரீ ஆவை அடைந்தது. அந்த ஏற்றத்தைக் கேள்வி கேட்க எவராலும் முடியாது.

ஃபியோரென்டினா சட்டத்தை மீறவில்லை. கொடுக்கப்பட்டதைப் பெற்றுக்கொண்டது, அவ்வளவே. அதன் ரசிகர்களைக் குறைசொல்வதும் என் நோக்கமன்று. எனக்கு வருத்தம், அந்தப் பருவத்துக்கே இழைக்கப்பட்ட குறையைப் பற்றித்தான். கொத்தனார் ரிகானோவின் 30 கோல்களும் சிப்பாய் தி லிவியோவின் ஓட்டமும் ஒரு படியை உழைத்துச் சம்பாதித்திருந்தன. அதோடு இன்னொரு படி அலுவலக மேசையில் தானமாகச் சேர்க்கப்பட்டபோது, உழைத்துப் பெற்ற படியின் மதிப்பும் சேர்ந்தே குறைந்தது. சீரீ சி1இல் அவர்களை ஆடவிட்டிருந்தால் ஒருவேளை ஓராண்டு, இரண்டாண்டு கூடுதலாகப் பிடித்திருக்கும். அந்த அரங்கை நான்காம் அடுக்கிலேயே நிரப்பியவர்கள் மூன்றாம் அடுக்குக்கு வராமலா போயிருப்பார்கள்?

இனி அந்தக் கதையைச் சொல்பவர்கள், உழைத்து ஏறிய படியையும் ஏறாமல் கடந்த படியையும் பிரித்துச் சொல்லட்டும். அப்படிச் சொல்லும்போது கொசென்சா என்ற பெயரையும் ஒருமுறை உச்சரிக்கட்டும்.