ஊமைக்காயம்

2024 ஜனவரி 18 அன்று செவ்வாய்க் கிரகத்தின் ஜெசரோ பள்ளத்தில் இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர் 72-வது முறையாக மேலே எழும்பியது. எடை 1.8 கிலோதான். 12 மீட்டர் உயரம் போய், நாலரை விநாடி அந்தரத்தில் நின்றுவிட்டு இறங்கத் தொடங்கியது. தரைக்கு ஒரு மீட்டர் இருக்கும்போது தொடர்பு அறுந்துபோனது. மறுநாள் தொடர்பு திரும்பக் கிடைத்தபோது அது நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. கேட்ட கேள்விக்குப் பதிலும் சொன்னது.

தன் இறக்கைகளைத் தானே பார்த்துக்கொள்ள அதனிடம் கேமரா இல்லை. அது தரையை எடுத்த படத்தில் ஓர் இறக்கையின் நிழல் விழுந்திருந்தது. அந்த நிழலின் நுனியைக் காணவில்லை! கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு இப்பால் உட்கார்ந்திருந்த பொறியாளர்கள் அந்த நிழலை வைத்துத்தான் சேதத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரே வாரத்தில், ஜனவரி 25 அன்று, அது இனிப் பறக்காது என்று நாசா அறிவித்தது.

நிழல் சொன்னதும் முழுக்கதை இல்லை. ஒரு மாதம் கழித்து, அங்கேயே உலவிய பெர்சிவியரன்ஸ் ஊர்தி தொலைவிலிருந்து எடுத்த படத்தில் ஓர் இறக்கை அடியோடு பிய்ந்து, ஏறக்குறைய 15 மீட்டர் தள்ளி மணலில் கிடப்பது தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் விசாரணை முடிவு வெளிவந்தது. அடையாளமே இல்லாத மணல் அலைகளுக்கு மேல் பறந்ததால், எங்கே இருக்கிறோம் என்பதை வழிகாட்டும் கருவியால் கணிக்க முடியவில்லை. பக்கவாட்டு வேகத்தோடு சரிவில் இறங்கிய ஹெலிகாப்டர் சட்டென்று சாய்ந்தது. அந்த உலுக்கலைத் தாங்காமல் நான்கு இறக்கைகளும், நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், மிகப் பலவீனமான இடத்தில் முறிந்தன. முறிந்த இறக்கைகள் சுழன்றபோது எழுந்த அதிர்வில் ஒன்று வேரோடு கழன்று போனது. இறக்கைகள் தரையில் மோதித்தான் உடைந்தன என்று முதலில் நினைத்தவர்கள், அந்த எண்ணத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த ஹெலிகாப்டரை உருவாக்கிய குழுவின் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அவர் படித்த நகரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் இன்று மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் பறக்கின்றன. அவையும் விழுகின்றன. தென்னை மட்டையில் இடித்தோ மின்கம்பியில் உரசியோ வரப்பில் சாய்ந்த ட்ரோனைத் தூக்கி நிறுத்தி, மண்ணைத் துடைத்து, உடைந்த இறக்கையை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி பறக்கவிடுவது பலருக்கும் பழக்கமாகியிருக்கிறது. அது மறுபடி பறக்கவும் செய்யும். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

ரத்தம் வராத அடியை ஊமைக்காயம் என்பார்கள். ட்ரோனுக்கும் அது உண்டு. கார்பன் நார்க் கை வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க விமானப் பட்டறைகளில் இன்றும் நாணயத்தால் தட்டிப் பார்க்கிறார்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். சந்தையில் மண்பானையை விரலால் சுண்டிப் பார்த்து வாங்குகிறவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மடக்கும் கைகளில், கை உடலோடு சேரும் பூட்டைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அடியின் விசை வந்து சேருமிடம் அதுதான்.

பிளாஸ்டிக் இறக்கையை மெல்ல வளைத்தால் விரிசல் வெள்ளைக் கோடாகத் தெரியும். நடுத் துளையைச் சுற்றியுள்ள பகுதியை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். மோட்டாரைக் கையால் சுற்றினால் சொரசொரப்போ தடையோ தட்டுப்படக் கூடாது. உள்ளே காந்தம் இருப்பதால் மண்ணிலிருக்கும் இரும்புத் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது பேட்டரிக்கு. லித்தியம் பாலிமர் பேட்டரியின் உள்ளே படலங்கள் நசுங்கியிருந்தால் உடனே எதுவும் நடக்காமல் போகலாம். பல மணி நேரம் கழித்து, வீட்டுக்குள் சார்ஜில் இருக்கும்போது தீப்பிடிக்கலாம். ஆகவே விழுந்த ட்ரோனிலிருந்து முதலில் பேட்டரியைக் கழற்றி, வைக்கோலும் டீசலும் இல்லாத திறந்தவெளியில் தனியே வைக்க வேண்டும். வீக்கமோ நசுங்கலோ இனிப்பான ரசாயன வாடையோ இருந்தால் அதை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. பார்வைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் அளக்க வேண்டும். மற்ற செல்கள் நிலையாக இருக்க ஒன்று மட்டும் தானாக இறங்கிக்கொண்டே வந்தால் அந்த பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். விலையை நினைத்து மனம் கேட்காது. கேட்கத்தான் வேண்டும்.

ஒன்றிய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டம் 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கத் திட்டமிட்டது. பயிற்சி 15 நாள். பத்து லிட்டர் மருந்து நிரம்பினால் இந்த ட்ரோன்களின் எடை 25 கிலோவை நெருங்கும். வேடிக்கை பார்க்க வரப்பில் குழந்தைகள் நிற்கும் ஊர்களில், விழுந்ததைத் திரும்பப் பறக்கவிடலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் ட்ரோனை ஓட்டும் பெண்தான். ஓட்டச் சொல்லிக்கொடுப்பதைப் போலவே விழுந்ததைத் தட்டியும் தடவியும் பார்க்கவும் அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பக்கத்தில் பட்டறை இல்லாத ஊரில் அவருடைய கைதான் பட்டறை. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் சொல்கின்றன. அந்த இடைவெளியில் அவசரப்பட்டுப் பறக்கவிடாமல் இருப்பது பைலட்டின் கையில் இருக்கிறது.

கண்ணும் காதும் தவறவிட்டதை ட்ரோனின் பதிவேடு பிடித்துக் கொடுக்கும். ஆர்டுபைலட் மென்பொருளில் அதிர்வின் அளவு 30-க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை, 60-ஐத் தாண்டினால் ஏறக்குறைய எப்போதும் தொல்லை. அந்தரத்தில் அசையாமல் நிற்கும்போது ஒரு மோட்டார் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக உழைப்பதாகக் காட்டினால், அந்தக் கை கோணியிருக்கலாம், அல்லது தண்டு வளைந்திருக்கலாம்.

எல்லாம் பார்த்தான பிறகும் டேங்கில் மருந்து ஊற்றக் கூடாது. ஆள் இல்லாத தரிசில், இடுப்பளவு உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, இறக்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, எல்லா மோட்டார்களையும் வரிசையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால், அன்றைக்குத் தெளிப்பு கைத்தெளிப்பானால்தான்.