மொத்தத்தை எதற்குச் சேமிக்கிறீர்கள்?

போன வாரம் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்தேன். இந்த வருடம் படிப்பை முடித்த பெண் ஒருத்தி வந்திருந்தாள். கையோடு கொண்டுவந்த ரியாக்ட் புராஜெக்ட் அத்தனை சுத்தம். "ஸ்டோர் எங்கம்மா?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "இதுக்குத் தேவைப்படலைங்க சார், யூஸ்ஸ்டேட்டே போதும்ங்க" என்றாள். சரியான பதில். அந்தப் பதிலுக்காகவே அவளைத் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அப்ளிகேஷன் என்றால் முதல் நாளே ரெடக்ஸ் மாதிரி ஒரு பொது ஸ்டோர் வேண்டும், எல்லா ஸ்டேட்டும் அதற்குள்தான் போக வேண்டும் என்கிற நம்பிக்கை, காந்திபுரத்துப் பயிற்சி மையங்களில் தொடங்கி டைடல் பார்க் வரை பரவிக் கிடக்கிறது. அதை நம்புகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பக் காட்டுவது ஒரே ஒரு பக்கத்தைத்தான்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர் ஒருவருக்காகக் கட்டிய ஆர்டர் பக்கம் அது. ஸ்டைல் நம்பர், கலர், ஸ்மால் முதல் டபுள் எக்ஸெல் வரை ஐந்து சைஸுக்கும் பீஸ் எண்ணிக்கை, மேலே மொத்தம். அவ்வளவுதான். கட்டியவர்கள் எண்ணிக்கையையும் ஸ்டோரில் வைத்தார்கள், மொத்தத்தையும் தனியாக ஸ்டோரில் வைத்தார்கள். கட்டத்தில் எண்ணை மாற்றினால் ரெடியூசர் மொத்தத்தையும் திருத்தும். 'முந்தைய கலரைப் போலவே' என்ற பட்டனுக்கு எழுதிய ஆக்‌ஷனில் மொத்தத்தைத் திருத்த மறந்துவிட்டார்கள். கட்டங்கள் ஒன்று சொல்ல, மொத்தம் வேறொன்று சொன்னது. மெர்ச்சன்டைசர் மொத்தத்தை நம்பி நூலுக்குச் சொல்லிவிட்டார். நூல் பற்றாமல் போனபோது திட்டு வாங்கியவரும் அவர்தான்.

ஐந்து எண்களைக் கூட்டினால் வருவதை எதற்கய்யா சேமிக்க வேண்டும்? திரையில் காட்டும்போது கூட்டினால் அது தவறுவதற்கு வழியே இல்லை. செலக்டரில் கூட்டலாமே என்பார்கள். தாராளமாகக் கூட்டலாம், ஆனால் ஒரே பக்கத்தில் பிறந்து அங்கேயே முடிகிற ஐந்து எண்களுக்கு ஊர்ப்பொது ஸ்டோர் எதற்கு? ஆக்‌ஷன், ரெடியூசர், டிஸ்பாட்ச் என்று மூன்று ஃபைல்களில் அலைந்தும் ஒரு கூட்டலைச் சரியாகச் செய்ய முடியவில்லையே!

இந்த ஸ்டோர் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஃபேஸ்புக்கில் படிக்காத மெசேஜின் எண்ணிக்கை திரையில் பல இடங்களில் தெரிந்தது. படித்த பிறகும் போகாமல் படுத்தியது. அந்தத் தலைவலியைச் சொல்லித்தான் 2014இல் ஃப்ளக்ஸ் என்ற ஸ்டோர் முறையை முன்வைத்தார்கள். அதே வழியில், 2015இல் பாரிஸ் ரியாக்ட் மாநாட்டு உரைக்காக, ஸ்டேட்டில் முன்னும் பின்னும் போய்வரும் வித்தையைக் காட்ட, டான் அப்ரமோவ் ரெடக்ஸை எழுதினார். மறு வருடமே, ரெடக்ஸ் உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம் என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதியவரும் அவரேதான். எழுதியவரே சொல்லிவிட்டார், நம் ஊர் டீம் லீடுகளுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. திருப்பூர் ஆர்டர் பக்கத்தில் ஃபேஸ்புக்கின் நோய் எங்கே இருக்கிறது?

அதே அப்ளிகேஷனில் ஆர்டர் பட்டியலுக்கான ஃபில்டரும் ஸ்டோருக்குள்தான். அது முகவரிப் பட்டையில் இருக்க வேண்டியது. அங்கே இருந்தால் மெர்ச்சன்டைசர் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் முதலாளிக்கும் அதே பட்டியல் திறக்கும். இப்போது ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சர்வரிலிருந்து வரும் ஆர்டர் விவரத்தையும் கையால் நகலெடுத்து ஸ்டோரில் அடுக்கி, அது பழசானதும் புதுப்பிக்க மறந்து நிற்கிறார்கள். அந்த வேலைக்கென்றே டான்ஸ்டாக் குவெரி இருக்கிறது. இரண்டு காம்போனன்ட்டுக்கு ஒரே ஸ்டேட் வேண்டுமென்றால் இரண்டுக்கும் மேலே உள்ள காம்போனன்ட்டில் வையுங்கள். ரியாக்ட் கையேடு சொல்லித்தருவதும் இதைத்தான்.

பயிற்சி மையங்கள் செய்வது அநியாயம். கடன் வாங்கிப் பணம் கட்டிய பிள்ளைகளுக்கு, கூட்டினால் வருவது எது, நினைவில் வைக்க வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லித்தருவதில்லை. லைப்ரரி பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அந்த லைப்ரரிகளாவது நிலைக்கிறதா? ஃபேஸ்புக் 2020இல் வெளியிட்ட ரீகாயிலை 2025இல் மூட்டை கட்டிவிட்டார்கள். ரெடக்ஸின் கிரியேட்ஸ்டோரையே பழையது என்று 2022இல் குறித்துவிட்டார்கள். மாற்றி எழுதும் செலவு வாடிக்கையாளர் தலையில்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஸ்டோருக்கு இத்தனை உழைத்தவர்கள், தையல் பிரிவில் அந்தத் திருப்பூர் ஆர்டர் பக்கத்தைப் பார்க்கிற சூப்பர்வைசருக்காக ஒரு பட்டனில்கூடத் தமிழ் போடவில்லை. நேரமில்லையாம்! ஃபில்டர் பெட்டி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதற்கு ஆக்‌ஷன் எழுத மட்டும் நேரம் இருந்தது. முதலில் அந்த ஆக்‌ஷனை அழியுங்கள். மொத்தத்தையும் ஸ்டோரிலிருந்து எடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் பட்டன்களைத் தமிழில் எழுதுங்கள்.