முனையத் திரையும் தடுப்பறைகளும்

மும்பை கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1964-ஆம் ஆண்டில் சி.டி.சி. 3600 என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருப்பது அக்கால வழக்கம். அதில் ஒரு நன்மையும் இருந்தது. அட்டையைக் கொடுத்தவர் வீடு திரும்பிவிட்டாலும் கணக்கு நிற்பதில்லை. இன்று நாம் மாட்டுங்காவில் அமர்ந்து, தொலைவிலுள்ள யந்திரத்தை நமது முனையத் திரையிலேயே இயக்குகிறோம். ஆயினும், இடையில் இணைப்பு அறுந்தால் ஓடிக்கொண்டிருந்த கணக்கும் பெரும்பாலும் அறுந்துபோகிறது.

இக்குறையை நீக்கவே 1987-இல் ஸ்கிரீன் என்ற மென்பொருளும், 2007-இல் நிக்கலஸ் மேரியட் என்பார் இயற்றிய டிமக்ஸ் என்ற மென்பொருளும் தோன்றின. இவை ஒரே திரையைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தருகின்றன என்பதையே பலரும் அறிவர். அது இரண்டாவது பயன். நாம் விலகிய பின்னும் வேலையை உயிரோடு வைத்திருப்பதே முதற்பயன். பயிற்சி வகுப்புகளில் இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறது என்பது என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் செம்பூரில் நடந்த ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்குக் குறிப்புகளை மொழிபெயர்க்க நான் சென்றிருந்தேன். ஆசிரியை ஒருவர் தம் மடிக்கணினியில் டிமக்ஸைத் திறந்து, அதன்வழி தொலை யந்திரத்தை அடைந்து, அங்கும் டிமக்ஸைத் திறந்தார். ஓர் அமர்வுக்குள் மற்றோர் அமர்வு உண்டாயிற்று. பின்னர் திரையைப் பிரித்தார். பிரிந்தது வெளியமர்வு. புதிய பகுதியிலிருந்து மீண்டும் தொலை யந்திரத்தை அடைந்து, உள்ளமர்வில் இருப்பதாகவே எண்ணி ஐந்து மணி நேரக் கணக்கொன்றைத் தொடங்கினார். மாலையில் மழையால் இணைப்பு அறுந்தது, கணக்கும் போயிற்று. அவர்மீது குற்றமில்லை. கட்டளை முதலில் யாருக்குச் செல்லும் என்பதை எங்கள் குறிப்பு சொல்லவில்லை.

விதி எளியது. கண்ட்ரோல்-பி என்ற முன்விசையை ஒருமுறை அழுத்தினால் வெளியமர்வு ஏற்கும். இருமுறை அழுத்தினால் அது உள்ளமர்வுக்குக் கடத்தப்படும். ஒரே யந்திரத்தில் அமர்வுக்குள் அமர்வைத் திறக்க முயன்றால் டிமக்ஸ் எச்சரித்து மறுக்கும். தொலை யந்திரத்திலோ வெளியமர்வு இருப்பது அதற்குத் தெரியாது, எனவே மறுப்பதில்லை. ஆகையால் தொலை யந்திரத்தில் மட்டும் டிமக்ஸை வைத்துக்கொள்வதே புதியவர்களுக்கு உகந்தது. இரண்டும் வேண்டுமெனில், உள்ளமர்வுக்கு கண்ட்ரோல்-ஏ என வேறு முன்விசையை அமைத்து, அதன் நிலைவரியைத் திரையின் மேற்புறத்தில் வைக்கலாம். எங்கிருக்கிறோம் என்பது பார்த்தவுடனே விளங்கும்.

மொழிபெயர்ப்பாளருக்கும் இதில் பொறுப்புண்டு. அமர்வுக்குள் சாளரங்கள், சாளரத்துக்குள் பகுதிகள் என்பது டிமக்ஸின் அமைப்பு. சாளரத்தையும் பகுதியையும் ஒரே சொல்லால் குறித்தால் குழப்பம் நிச்சயம். தாராவியில் ஒற்றை அறை வீட்டைத் தடுப்பு வைத்துப் பிரித்து வாழும் குடும்பங்களை நாம் அறிவோம். வீடு ஒன்றே, தடுப்புகள் பல. ஆதலால் பகுதியைத் ‘தடுப்பறை’ என வழங்குமாறு பரிந்துரைக்கிறேன். மேலும், ‘கிடைமட்டப் பிரிப்பு’, ‘செங்குத்துப் பிரிப்பு’ என்ற தொடர்களைக் கைவிட வேண்டும். டிமக்ஸ் கிடைமட்டப் பிரிப்பு என்று கூறுவது அறைகளைப் பக்கம் பக்கமாக வைப்பதை. விம் என்னும் பதிப்பியிலோ அதே தொடர் அறைகளை மேலும் கீழுமாக வைப்பதைக் குறிக்கும். ‘இடம்-வலம்’, ‘மேல்-கீழ்’ என்று எழுதினால் எவரும் பிழைபட உணரார். முன்விசைக்குப் பின் சதவீதக் குறி இடம்-வலமாகவும், இரட்டை மேற்கோள் குறி மேல்-கீழாகவும் பிரிக்கும்.

தடுப்பறைகள் மிகுந்தால் கவனம் சிதறும் என்று சிலர் கூறுவர். அது உண்மையே. இரண்டு அறைகள் போதும்: ஒன்றில் கணக்கு, மற்றதில் அதன் பதிவேடு. இன்னொன்றும் நினைவிலிருத்த வேண்டும். தொலை யந்திரமே நின்று மறுபடி தொடங்கினால் அமர்வுகள் யாவும் அழியும். எனவே இடைவிடைகளைக் கோப்பில் சேமிக்கும் கடமையிலிருந்து டிமக்ஸ் நம்மை விடுவிப்பதில்லை. வேலை முடிந்ததும் அமர்வை மூடுவதும் கடமையே. பொது யந்திரத்தில் மறந்துவிட்ட அமர்வு பிறருக்குரிய நினைவகத்தை வீணே அடைத்துக்கொள்ளும்.

முதல் நாள் வகுப்பில் திரையைப் பிரிக்கக் கற்பிப்பதற்கு முன், அமர்வைத் திறந்து, முன்விசையும் ‘டி’ விசையும் அழுத்தி விலகி, மடிக்கணினியை மூடி, மறுபடி இணைந்து, வேலை தொடர்ந்து நடப்பதை மாணவர் தம் கண்ணாலேயே காணச் செய்யுங்கள். அதைக் கண்டவர் தம் கணக்கை எங்கே தொடங்க வேண்டும் என்பதை மறவார்.