ஆமை வந்தால் அமீனாவும் வருவார்!

மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பட்டு எடுக்க ஆரணி போயிருந்தோம். வழக்கமாக வாங்கும் நெசவாளர் வீட்டில் புடவைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான்காவது படிக்கும் அவர்கள் பையன் ஓடி வந்தான்.

"ஆன்ட்டி, எங்க வீட்டு ஹீரோவைப் பாக்கறீங்களா?"

தறிக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே உள்ளங்கை அளவில் ஓர் ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. எதிரே ஒரு தட்டில் தயிர்சாதம்!

"இவன் மாமா வாங்கிட்டு வந்தார்க்கா. வீட்ல இருந்தா பணம் சேருமாம். நீங்கதான் செல்லப்பிராணிகளைப் பத்தி எழுதுறீங்களே, இதை எப்படி வளர்க்கணும்?" என்றார் அவன் அம்மா.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேன்" என்றார் திண்ணையிலிருந்த பாட்டி.

ராசி இருக்கட்டும். பாட்டி சொன்னதில் அந்த அமீனா விஷயம் மட்டும் நிஜமாகவே பலித்துவிடலாம். அவர்கள் பெட்டியில் இருந்தது நட்சத்திர ஆமை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, புலி, யானை இருக்கும் முதல் அட்டவணையில் இதுவும் இருக்கிறது. விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 'அழுக்கைத் தின்னும்' என்று கிணற்றில் பிடித்து விடுகிறோமே, அந்த ஆமைக்கும் இதே சட்டம்தான்.

சட்டத்தை விடுங்கள், ஆமையின் பக்கமிருந்து பாருங்கள். வறண்ட புதர்க்காட்டில் புல், இலை, பூ, உதிர்ந்த பழம் என்று மேய்ந்து திரிவது அது. பாலும் தயிரும் அதற்குச் செரிக்காது. வெயில் படாத பெட்டியில், சுண்ணாம்புச் சத்து இல்லாத சோற்றைத் தின்று வளர்ந்தால் ஓடு இளகிக் கோணிப்போகும். ஓடு என்பது அது மாட்டிக்கொண்ட சட்டை இல்லை. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்த உடம்பு. தொட்டால் அதற்குத் தெரியும்.

"அப்ப ஜவ்வாது மலை அடிவாரத்துல விட்டுடலாமா?" என்றார் அப்பா.

வேண்டாம். எந்த ஊர்க் காட்டில் பிடித்ததோ, என்ன நோய் இருக்கிறதோ, நமக்குத் தெரியாது. அங்கிருக்கும் ஆமைகளுக்கும் தொற்றிவிடலாம். வனச்சரக அலுவலகத்தில் நடந்ததை மறைக்காமல் சொல்லி ஒப்படைப்பதுதான் சரி.

"அப்ப கடையில விக்கிற குட்டி ஆமை?" பையன் விடவில்லை.

கண்ணோரம் சிவப்புக் கோடு போட்ட அந்த ஆமை அமெரிக்காக்காரர். இன்று காசு அளவு. வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு. 20, 30 ஆண்டு வாழும். வாங்கித் தரச்சொன்ன பையனுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும், தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது அம்மாவாகத்தான் இருக்கும்! தவிர, ஆமையின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளுக்குத் தொற்றியதால்தான் அமெரிக்காவிலேயே 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க 1975-ல் தடை போட்டார்கள். அலுத்துப்போய்க் குளத்தில் விட்டால், நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் அது பிடுங்கிக்கொள்ளும்.

ஆமை ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் விதவிதமான ஆமைகளைப் பார்க்கலாம். ஆண்டின் முதல் சில மாதங்களில் சென்னைக் கடற்கரையில் கடலாமைகள் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து அந்த முட்டைகளைக் காக்கிறார்கள். அவர்களோடு ஓர் இரவு நடந்து பாருங்கள்.

நேற்று அந்த அம்மா போன் செய்தார். அப்பாவும் பையனும் போய் ஆமையை ஒப்படைத்துவிட்டார்களாம். "வர்ற வழியெல்லாம் அழுதான்க்கா. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி அங்க இருந்தவர்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு வந்தானாம்..."

"என்ன?"

"சார், அதுக்குத் தயிர்சாதம் மட்டும் கொடுத்துடாதீங்க!"