பிள்ளைக்குள் பாம்பு புகுந்ததாம்!



லயத்தில் ஒரு பிள்ளை கை கால் இழுத்து விழுந்தால் "நாகம் புகுந்திட்டு" என்கிறோம். எங்கட ஆக்கள் வீட்டில் விழுந்தால் அதே வலிப்புக்குப் பெயர் ஜின். 1979இல் வந்த 'நீயா' படத்தில் பாம்பு பெண்ணாக மாறிப் பழிவாங்கும். 2015இல் ஹிந்தியில் தொடங்கிய 'நாகினி'யும் அந்த வகைதான். கதையாகப் பாருங்கள், நாங்களும் பார்க்கிறோம். அதை நம்பி, பிரம்போடு வந்து "இறக்கித் தாறேன்" என்பவருக்குக் கதவு திறப்பதா?

2021 பெப்ரவரி கடைசியில் தெல்கொடையில் 9 வயதுப் பிள்ளைக்குப் பேய் விரட்டுகிறோம் என்று எண்ணெய் பூசி, மயங்கி விழும்வரை பிரம்பால் அடித்தார்கள். பிள்ளை செத்துப்போனது. அடித்த பெண்ணோடு பெற்ற தாயும் கைதானார். தாய்! அவர் கூட்டிப் போனது சுகம் கிடைக்கும் என்றுதான்.

ஜின் பாம்பு உருவில் வரும் என்று ஹதீஸ் இருக்கே என்பார்கள். இருக்கிறது, ஸஹீஹ் முஸ்லிமில். மதீனாவில் வீட்டுக்குள் கண்ட பாம்பைக் கொல்லுமுன் மூன்று நாள் எச்சரிக்கச் சொன்னது அது. பாம்புக்கே மூன்று நாள் தவணை. பிள்ளையை அடிக்க அதில் எங்கே இடம்?

விழுந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, சாவி ஒன்றும் திணிக்க வேண்டாம். 1990க்குக் கோல் எடுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. பூசையோ துஆவோ ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலும் செய்யலாம். பிரம்பைத் தூக்குபவரைக் கண்டால் 1929.