இரண்டு காது போதும்!

பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி என்று அறிவிப்பு வந்துவிட்டால், வீட்டில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று, பிள்ளையின் கும்மாளம். மற்றொன்று, தாயின் பெருமூச்சு.

முயல் வேடம் என்றால் முயல் உடை வேண்டும். வாடகைக் கடையில் கேட்டால், ஒரு நாளைக்கு இவ்வளவு, முன்பணம் இவ்வளவு என்கிறார்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை தலை முதல் கால் வரை முயலாக வந்து இறங்குகிறது. கடலில் மீன் படாத வாரத்தில் ஏழைத் தகப்பன் என்ன செய்வார்? "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார். அந்தப் பிள்ளை கூட்டத்தில் உட்கார்ந்து கை தட்டும்.

இது நியாயம் அல்ல. அவசியமும் அல்ல. முழு உடை எதற்கு? இரண்டு காது போதும்!

காதுதான் அடையாளம்

குலசேகரன்பட்டினம் தசராவைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளி, குரங்கு, கரடி, குறவன், குறத்தி என்று வேடம் போட்டு, ஊர் ஊராகச் சென்று காணிக்கை வாங்குகிறார்கள். விஜயதசமி இரவு கடற்கரையில் சம்ஹாரம் நடக்கும். சூரன் சிங்கத் தலையோடு வருவான். எருமைத் தலையோடும் வருவான். உடம்பு அதே உடம்புதான். தலையும் காதும் மாறியதும் ஆளே மாறிவிடுகிறான்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1955-ம் ஆண்டு அக்டோபரில் அங்கே டெலிவிஷனில் "மிக்கி மவுஸ் கிளப்" என்ற குழந்தைகள் நிகழ்ச்சி தொடங்கியது. அதில் ஆடிப் பாடிய சிறுவர் சிறுமியருக்கு எலி உடை கிடையாது. வாலும் கிடையாது. ஒரு கறுப்புத் தொப்பி. அதன் மேல் இரண்டு வட்டக் காது. அவ்வளவுதான். பார்த்தவர்கள் எல்லாம் எலி என்று கண்டுகொண்டார்கள்.

கைக்கு எட்டும் பொருள்

குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே அதே கடற்கரையில் மணப்பாடு. அதற்கும் அப்பால் பெரியதாழை. இந்தப் பக்கத்துத் தாய்மார்களுக்கு ஓலை புதிது அல்ல. மணப்பாட்டு ஓலைப் பெட்டிகளுக்குத் தனிப் பெயர் உண்டு. குருத்தோலை ஞாயிறு வந்தால் சின்னப் பிள்ளைகள் கூட ஓலையில் சிலுவை முடைகிறார்கள். அந்தக் கைக்கு முயல் காது ஒரு வேலையா?

குருத்தோலையை இரண்டாக மடக்கிக் கட்டினால் முயல் காது. ஈர்க்கை எடுக்காமல் விட்டால் காது விறைப்பாக நிற்கும். உள்பக்கம் ரோஸ் நிறத் துணித் துண்டு வைத்துத் தைக்கலாம். யானைக்குச் சுளகு போல் காது என்று சொல்வது உண்டு. விளையாட்டுச் சுளகு இரண்டு இருந்தால் யானை தயார்!

ஓலை கிடைக்காதவர்கள் அட்டைப் பெட்டியை வெட்டலாம். அடிப்பக்கத்தில் ஒரு மடிப்பு வைப்பதுதான் சூட்சுமம். மடிப்பு இல்லாவிட்டால் காது தட்டையாக, தோசை போல் இருக்கும். குரங்குக்குக் காது பக்கவாட்டில் வரவேண்டும். பலர் உச்சந்தலையில் வைத்து, குரங்கைப் பூனை ஆக்கிவிடுகிறார்கள்! பசுவுக்குக் காது படுத்திருக்கும். கொம்புதான் நிமிர்ந்து நிற்கும்.

பசையை மட்டும் நம்பக் கூடாது. கடற்காற்றில் ஈரம் ஏறிப் பசை விட்டுவிடும். துணிப் பட்டையில் வைத்து நூலால் கட்டுவதே நல்லது. இது தகப்பன்மார் வேலை. வலை முடியத் தெரிந்தவர் போட்ட முடிச்சு, மேடையில் அவிழாது.

பிள்ளையின் சொந்தக் காதை மூடிவிடக் கூடாது. ஆசிரியை கூப்பிடுவது கேட்க வேண்டும். கம்பி வேண்டவே வேண்டாம். ஈர்க்கு நுனியையும் மடக்கிக் கட்ட வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் படும். தோலில் பசை தடவி ஒட்டுவதும் கூடாது.

பரிசு யாருக்கு?

பள்ளிக்கூடங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. பளபளப்பான வாடகை உடைக்கே பரிசு போனால், அடுத்த வருஷம் எந்த வீட்டிலும் கத்திரிக்கோலை எடுக்க மாட்டார்கள். "வீட்டில் செய்த வேடம் மட்டும்" என்று போட்டி அறிவிப்பிலேயே சேர்த்துவிடலாம். நடுவர்கள் பிள்ளையிடம், "இந்தக் காதை எப்படிச் செய்தாய்?" என்று ஒரு கேள்வி கேட்டு, அந்தப் பதிலுக்கும் மார்க் போடலாம். வாடகைக்கு எடுத்த முயல் அப்போது வாயை மூடிக்கொள்ளும்.

போட்டி முடிந்த பிறகும் பிள்ளை காதைக் கழற்றாது. சாப்பிடும்போதும் முயல்தான், கடைக்கு அனுப்பினாலும் முயல்தான். போகட்டும். தூங்கும்போது மட்டும் மெல்ல எடுத்து ஆணியில் மாட்டி வைத்தால், அடுத்த வருஷம் தம்பிக்கு ஆகும்.