பேரீச்சையும் சர்க்கரையே

சர்க்கரையை விலக்கிவிட்டுப் பேரீச்சையையும் கனிந்த வாழைப்பழத்தையும் பிசைந்து சேர்த்து, அதனையே மாவுச்சத்துக் குறைந்த மஃபின் என்று நீரிழிவுற்றோருக்கு அன்புடன் பரிமாறும் வழக்கம் இல்லங்களில் பரவிவருவது எனக்கு மெய்யாகவே விசனமளிக்கிறது. ஏனெனில் 100 கிராம் வாழைப்பழத்தில் சர்க்கரை உட்பட மாவுச்சத்து ஏறக்குறைய 23 கிராம் உண்டு, ஸ்ட்ராபெரியிலோ 8 கிராம் அளவே.

பழத்தைப் போலவே மாவிலும் வேறுபாடு உண்டு: மைதாவில் ஏறக்குறைய முக்கால் பங்கு மாவுச்சத்தாயிருக்க, பாதாம் மாவில் அது ஐந்தில் ஒரு பங்களவே. ஆயினும் மைதாவின் பசைத்தன்மை அதற்கு இல்லாமையால், முட்டையைத் தாராளமாக அடித்துச் சேர்த்தாலன்றிப் பண்டம் உதிர்ந்துபோகும். சென்ற வாரம் 170 டிகிரி வெப்பத்தில் பாதாம் மாவு மஃபினை நான் சுட்டபோது, மேற்புறம் பொன்னிறங்கொள்ள, நறுக்கிய ஸ்ட்ராபெரியின் சாறு காகிதக் கிண்ணத்தின் ஓரத்தில் செந்நிறமாய்க் கசிந்து நின்றது. சூட்டோடு எடுத்தால் உடையுமாதலால், பொறுமையுடன் அரைமணி நேரம் ஆறவிட்டேன்.